முதியோர் இல்லத்துக்கு அளவுகோல் யாது?

விழா மலர் ஒன்றில் முதுமையைப் பற்றி எழுதுதல் பொருந்தாது என்று சிலர் கருதுதல் கூடும். கட்டடங்கள் எழுந்த வரலாறும், துடுப்பாட்டத்தில் ஈட்டிய வெற்றிகளும், மறைந்த அதிபர்களின் பெருமையும் இடம்பெற வேண்டிய ஏடுகளில் முதியோர் இல்லத்துக்கு என்ன வேலை என அவர் வினாவுவர். வேலை உண்டு. இம்மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவருள் ஒரு சாரார் தாமே அறுபதைக் கடந்தவர். மற்றொரு சாரார் எண்பதைக் கடந்த தாய் தந்தையரை ஊரில் விட்டு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்பவர். என்னிடம் தமிழ் படித்துச் சென்றோர் சிலர் அண்மைக் காலமாகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது இலக்கண ஐயம் அன்று. "சேர், அம்மாவை விடுறதுக்கு நல்ல இடம் எது? ஒருக்காப் போய்ப் பாத்துச் சொல்லுவியளோ?" என்பதே அவர்தம் வினா.

'நல்ல இடம்' என்னும் தொடரைக் கவனிக்க. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போதும் நாம் வழங்குவது இத்தொடரையே. அங்கே மூன்று தலைமுறைக்குக் குலமும் குணமும் விசாரித்து, அயலாரைக் கேட்டு, சாதகம் பார்த்து, அதன் பின்னும் ஐயுற்று நிற்கின்றோம். தாயை ஓரிடத்திற் சேர்ப்பதற்கோ கைத்தொலைபேசியில் வந்த நாலு படங்கள் போதுமாகின்றன. வாயிலில் வளைவு, தரையிற் பளபளக்கும் ஓடு, வரிசையாய்க் கட்டில், மேலே மின்விசிறி. இவற்றைக் கண்டு 'நல்ல இடம்' என்று முடிவு செய்துவிடுகின்றோம்.

பெற்றோரை இல்லத்திற் சேர்த்தல் தகுமோ தகாதோ என்னும் வழக்கை ஈண்டு நான் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டிமன்றங்களில் அது போதிய அளவு பேசப்பட்டுவிட்டது. எட்டறை வீட்டில் படலையைப் பூட்டிக்கொண்டு, மாலையில் விளக்கேற்ற ஒருவரும் இன்றித் தனித்திருக்கும் ஆச்சியைக் காட்டிலும், இல்லம் ஒன்றில் பத்துப் பேரோடு பேசியிருக்கும் ஆச்சி தாழ்ந்தவர் என நான் கருதேன். இலங்கையின் குடிசன மதிப்பில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர் 1981ஆம் ஆண்டில் நூற்றுக்கு 6.6 ஆயினர், 2012ஆம் ஆண்டில் நூற்றுக்கு 12.4 ஆயினர். முப்பது ஆண்டில் பங்கு ஏறத்தாழ இரட்டித்தது. வடக்கிலோ போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் இடையில் நிகழ்ந்தமையால், முதியோர் பெருகிய காலமும் பிள்ளைகள் அகன்ற காலமும் ஒன்றாயின. முன்பு வயோதிபர் மடம் என்றால் கைதடி ஒன்றே நினைவுக்கு வரும். இன்று அரசினர் நடத்துவனவும், சமயத் தாபனங்கள் நடத்துவனவும், மாதக் கட்டணம் பெற்று நடத்துவனவும் எனப் பலவாயின. ஆதலின் இல்லம் வேண்டுமா என்பதினும், இருக்கும் இல்லத்தின் தரத்தை எவ்வாறு அறிவது என்பதே இன்று நமக்கு வேண்டிய கேள்வி.

இதற்கு விடை தேடி நான் நெடுந்தூரம் செல்லவில்லை. புறநானூற்றின் 191ஆம் பாட்டை மாணவர்க்குப் படிப்பிக்கும்போதெல்லாம் அது என் முன் நிற்கின்றது. கோப்பெருஞ்சோழனின் நண்பராகிய பிசிராந்தையாரைப் பார்த்து, 'ஆண்டுகள் பலவாகியும் உமக்கு நரை இல்லாதது எங்ஙனம்' என்று வினாவினர் சிலர். அதற்கு அவர் காரணம் ஐந்து கூறுகின்றார். மனைவி குணத்தாற் சிறந்தவள். மக்கள் அறிவு நிரம்பியவர். ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர். அரசன் முறையல்லாதன செய்யாது காப்பவன். இவற்றுக்கு மேலாக, தம் ஊரிற் சான்றோர் பலர் வாழ்கின்றனர். இவ்விடையைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தவர் நம்முட் பலர். அதிற் கூறாது விடப்பட்டது எது என்று எண்ணியவர் சிலரே. வீட்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. உணவைப் பற்றியும், மருந்தைப் பற்றியும், செல்வத்தைப் பற்றியும் கூறவில்லை. ஐந்தும் தம்மைச் சூழ்ந்த மனிதரைப் பற்றியனவே.

முதியோர் இல்லத்துக்கு வரும் ஒருவர்க்கு இவ்வைந்தனுள் முதல் இரண்டும் பெரும்பாலும் இல்லை. துணை மறைந்திருப்பார், மக்கள் தொலைவில் இருப்பர். எஞ்சுவன மூன்று: ஏவலர், அரசு, உடன் வாழ்வோர். ஐந்து தூண்கள் தாங்கிய பாரத்தை மூன்று தூண்கள் தாங்க வேண்டும். தாங்குகின்றனவா என்று பார்ப்பதே இல்லத்தின் தரத்தைப் பார்ப்பதாகும்.

அரசின் பங்கைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் புறக்கணித்தல் ஆகாது என்று பிள்ளைகளுக்கு விதிக்கின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கோரி முறையிடுதற்குச் சபை ஒன்றையும் ஏற்படுத்தியது. ஐவருக்கு மேற்பட்ட முதியோரை வைத்துப் பராமரிக்கும் இல்லம் பதிவு பெறல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. ஆகவே முதலிற் கேட்க வேண்டியது பதிவுப் பத்திரம். ஆனால் பதிவுப் பத்திரம் என்பது பரீட்சையிற் சித்தியெய்திய பத்திரம் போன்றது. மாணவன் சித்தியடைந்தான் என்று கூறுமேயன்றி, அவன் எத்தகையவன் என்று கூறாது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனி ஏவலர். இச்சொல் இன்று சிலர்க்கு உவப்பாகாது, பராமரிப்பாளர் என்போம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் படிப்பித்த அவேடிஸ் டொனபீடியன் என்னும் மருத்துவர் 1966ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், மருத்துவப் பணியின் தரத்தை மூன்று நிலையில் வைத்து நோக்கலாம் என்றார்: என்ன இருக்கின்றது, என்ன செய்யப்படுகின்றது, அதனால் என்ன விளைந்தது. நம்மவர் முதலாவதோடு நின்றுவிடுகின்றோம். கட்டில் இருக்கின்றது என்பதைப் பார்க்கின்றோம். அக்கட்டிலிற் கிடப்பவரை இரவில் யார் புரட்டிவிடுகின்றார் என்று பார்ப்பதில்லை. முதுகிற் புண் உண்டா என்று கேட்பதேயில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க. எழுந்திருக்க இயலாது படுக்கையில் உள்ளவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடல் வேண்டும் என்பது தாதியர் கற்கும் ஆரம்ப பாடம். அத்தகையோர் ஐவர் உள்ள இல்லத்தில், பத்து மணி நேர இரவொன்றில், இருபத்தைந்து முறை ஒருவரைப் புரட்ட வேண்டும். இவற்றுக்கிடையே மலசலகூடத்துக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லப்பட வேண்டியோர் பலர். எழுந்து தடுமாறித் தன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று படலையடிக்கு வரும் மறதி நோயாளர் ஓரிருவர். இத்தனைக்கும் இரவில் நிற்பவர் ஒரே பெண். அவரும் பகல் முழுதும் குசினியில் நின்றவர். அவ்வில்லத்தின் தரம் என்னவென்று இதற்கு மேல் ஆராய வேண்டுமா? பகலில் எத்தனை பேர் என்று கேட்டால் எவரும் விடை கூறுவர். இரவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். விடை வருவதற்குச் சற்று நேரம் எடுக்கும். அந்த இடைவேளையே பாதி விடை.

பிசிராந்தையாரின் ஏவலர் அவர் கருத்தை அறிந்தவர். ஒருவர் கருத்தை மற்றொருவர் அறிதற்குக் காலம் வேண்டும். கந்தையா அண்ணைக்கு இடக்காது கேளாது, வலப்புறம் நின்றே பேச வேண்டும். பொன்னம்மா ஆச்சி வெறும் வயிற்றில் குளிசை போட்டால் சத்தியெடுப்பார்: இவையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மூன்றாண்டு உடனிருந்த பெண்ணின் நெஞ்சில் உள்ளன. அவர் குறைந்த சம்பளத்தால் வேலையை விட்டுத் தையற் கடைக்குப் போய்விட்டால் அந்த அறிவும் அவருடன் போய்விடுகின்றது. புதிதாய் வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகின்றார். ஆகவே இல்லத்தை நடத்துவோரிடம் நான் கேட்கச் சொல்லும் அடுத்த கேள்வி, இங்குள்ள பராமரிப்பாளருள் ஆக நீண்ட காலம் நிற்பவர் எத்தனை ஆண்டு நிற்கின்றார் என்பதே.

உணவின் சுவையைப் பற்றி எல்லோரும் கேட்பர். நேரத்தைப் பற்றிக் கேட்பார் அரியர். சமைப்பவர் பொழுதுபடுமுன் பேருந்து பிடிக்க வேண்டும் என்பதற்காக இராச் சாப்பாடு மாலை 5 மணிக்கே முடிந்துவிடும் இல்லங்கள் உண்டு. காலை உணவு 8 மணிக்கு. இடையில் 15 மணி நேரம். நீரிழிவுக்கு ஊசி போடும் ஒருவர்க்கு இது அசௌகரியம் மாத்திரம் அன்று, ஆபத்து. மலசலகூடம் முற்றத்தைக் கடந்து இருந்தால், மாரியில் வழுக்கும் அப்பாதையும் இல்லத்தின் ஒரு பகுதியே. படத்தில் அழகாய்த் தோன்றும் பளிங்குத்தரை ஈரமானால், சாணி மெழுகிய பழைய தரையைவிடக் கொடியது.

இனி, எவரும் அளக்காத ஒன்றைக் கூற வேண்டும். ஒருமுறை மாணவரோடு சென்றிருந்த இல்லத்தில், பெயர் வேண்டா, மூதாட்டி ஒருவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் தம்பி கிடக்கு. ஆனா எனக்கு இப்பத் தேத்தண்ணி வேணும் எண்டு சொல்ல ஏலாது." முறைப்பாடாக அவர் அதனைச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். ஒன்பது பிள்ளைகளுக்கு உலை வைத்த கை, ஒரு குவளை தேநீருக்கு மணியடிக்கும் வரை காத்திருக்கின்றது. ஐக்கிய நாடுகள் தாபனம் 1991ஆம் ஆண்டில் முதியோர்க்கென வகுத்த கொள்கைகள் ஐந்து தலைப்பின்கீழ் அமைந்தன: தற்சார்பு, பங்கேற்பு, பராமரிப்பு, தன்னிறைவு, மாண்பு. ஐந்தனுள் பராமரிப்பு ஒன்றே. நம் இல்லங்கள் பல அந்த ஒன்றைச் செம்மையாகச் செய்துவிட்டால் ஐந்தும் செய்தாயிற்று என்று எண்ணுகின்றன.

அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில் இருந்த இல்லம் ஒன்றிலே எலன் லாங்கர், ஜூடித் ரொடின் என்னும் உளவியலாளர் இருவர் நடத்திய ஆய்வு 1976ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு தளத்து முதியோரிடம், உங்கள் அறையின் ஒழுங்கும் உங்கள் பொழுதும் உங்கள் பொறுப்பு என்று கூறி, ஆளுக்கொரு செடியைத் தெரிந்தெடுத்து வளர்க்கக் கொடுத்தனர். திரைப்படம் பார்க்கும் இரவையும் அவர்களே தெரிவு செய்தனர். மற்றொரு தளத்து முதியோரிடம், உங்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்று கூறினர். செடியைக் கொடுத்தாலும் தண்ணீர் விட்டவர் தாதியர். இரு தளத்திலும் அன்புக்குக் குறைவில்லை. மூன்று வாரத்தின் பின் பார்த்தபோது, தம் செடிக்குத் தாமே தண்ணீர் விட்டவர் மகிழ்வும் சுறுசுறுப்பும் உடையவராய் இருந்தனர்.

நம் நாட்டிற் செடிக்குப் பஞ்சமில்லை. இல்லத்து வளவில் நாலு பாத்தி வெங்காயமும் ஒரு கத்தரி மேடையும் வைத்திருக்கும் வலிகாமத்துக் கமக்காரர் ஒருவரை நான் அறிவேன். விழுந்துவிடுவார் என்று அஞ்சி அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டனர் நிருவாகத்தார். அவர்கள் அச்சம் பொய்யன்று. விழுந்தால் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கேள்வி கேட்பர். ஆயினும் மண்வெட்டி இல்லாத அந்த மனிதர் விறாந்தையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதைக் கண்டவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: விழாமல் வைத்திருப்பது மாத்திரம் பராமரிப்பு ஆகாது. சிறு களைக்கொத்து ஒன்றும் பக்கத்தில் ஒரு கதிரையும் கொடுத்திருக்கலாம். தம் பெட்டிக்குத் தாமே திறப்பு வைத்திருத்தல், தம் சேலை தமக்கே திரும்பி வரும்படி துணி துவைத்தல், கோயிற் தேருக்குப் போக வேண்டும் என்றால் போக வழி செய்தல் ஆகியனவும் இத்தகையன. இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வேண்டுவது, உள்ளே இருப்பவர் இன்னும் ஒரு வீட்டுக்காரர் என்னும் எண்ணம்.

நிருவாகத்தாரை மாத்திரம் குறை கூறுதல் நீதியன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கும் மருந்துக்கும் அலைந்தவர்கள் அவர்கள். குறை கூறப்பட வேண்டியோர் நாமும் ஆவோம். சிறப்பாகக் கொடையாளர் ஆகிய நாம். பிறந்தநாள், திருமண நாள், தகப்பனாரின் திவசம் என்று எது வந்தாலும் முதியோர் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுத்தல் நம்மவரிடையே நல்ல வழக்கமாய் வேரூன்றியுள்ளது. தானத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் நடப்பதைப் பாருங்கள். பாயசமும் வடையும் கேக்கும் வந்து இறங்குகின்றன. பசித்த வேளையில் இலையை விரித்துவிட்டு, படம் பிடிப்பவர் வரும் வரை அத்தனை முதியோரும் காத்திருக்கின்றனர். பின்பு, கண்டறியாத ஒருவரின் நல்வாழ்வுக்காக எழுந்து பிரார்த்தனை செய்கின்றனர். நீரிழிவுள்ளவர் பாதிப்பேர்க்கு இனிப்பு ஆகாது என்று சொன்னால் கொடையாளர் முகம் வாடும் என அஞ்சிப் பராமரிப்பாளர் வாய் திறப்பதில்லை. நல்ல நாள் ஒன்றில் மூன்று பேர் கொடுத்த சாப்பாடு மிஞ்சிக் கொட்டப்படும். விசேடம் இல்லாத மாதத்தில் மரக்கறி வாங்கக் காசு இராது. மண்டபம் கட்டித் தருவோம் என்று வருவோர் பலர்; அதிற் கல்வெட்டுப் பதிக்க இடம் உண்டு. இரவில் நிற்க இன்னொரு பெண்ணுக்குச் சம்பளம் தருவோம் என்று வருவோர் இலர். சம்பளத்திற் பெயர் பொறிக்க இடம் இல்லை அன்றோ?

எஞ்சி நிற்பது மூன்றாந் தூண், உடன் வாழ்வோர். பிசிராந்தையார் இதனை இறுதியில் வைத்து, ஏனையவற்றுக்கு மேலானதாகக் கூறியது கருதத்தக்கது. இல்லம் ஒன்றில் உள்ளவர் தம்முட் பேசுகின்றனரா, அன்றித் தத்தம் கட்டிலிற் தீவுகளாய் இருக்கின்றனரா என்பதை ஒரு மாலை நேரம் அங்கு இருந்தால் அறியலாம். முன்னறிவித்தல் இன்றிப் போக வேண்டும். நிருவாகி காட்டும் முதியவரோடன்றி, மூலையில் இருப்பவரோடு பேச வேண்டும். பராமரிப்பாளர் அவரை ஐயா என்றும் அப்பு என்றும் ஆச்சி என்றும் அழைக்கின்றனரா, கட்டில் இலக்கத்தால் அழைக்கின்றனரா என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கலாம்; கேட்கச் சற்று மனத்திடம் வேண்டும். கடைசியாக இங்கு இறந்தவர் யார், அவரை எவ்வாறு வழியனுப்பினீர்கள் என்பது அது. ஏனையோர் அஞ்சுவர் என்று கூறி, இரவோடிரவாகப் பின்வாயிலால் உடலைக் கொண்டு செல்லும் இடங்கள் உண்டு. காலையிற் கட்டில் வெறுமையாய் இருக்கும். புதிய விரிப்பு விரிக்கப்பட்டிருக்கும். எவரும் எதுவும் சொல்லார். ஏனையோர்க்கோ எல்லாம் தெரியும். தம் முறையும் இப்படித்தான் என்பதும் தெரியும். வேறு சில இல்லங்களில், இறுதி நேரம் நெருங்கும்போது அயற்கட்டிலில் உள்ளவரே அருகிருந்து சிவபுராணம் ஓதுவர்; உடலை முன்விறாந்தையில் வைத்து, எழுந்து வரக்கூடியோர் எல்லோரும் வந்து பூவிட்டு, திருப்பொற்சுண்ணம் பாடி அனுப்புவர். இரண்டாவது வகை இல்லத்திற் கூரை ஒழுகினாலும் என் மாணவனுக்கு நான் அதனையே சொல்வேன். கூரையைப் பின்னர் வேயலாம்.

நம் கல்லூரிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆண்டுக்கொருமுறை சாரணரையும் சைவ மாணவரையும் பேருந்தில் ஏற்றிச் சென்று, சவர்க்காரமும் துவாயும் கொடுத்து, படம் எடுத்துத் திரும்பி வருகின்றோம். அதற்குப் பதிலாக ஒரு மாணவன் ஒரு முதியவரை, மாதம் இருமுறை, ஓராண்டு முழுவதும் சென்று காணட்டும். கடிதம் வாசித்துக் காட்டலாம். மகனோடு முகம் பார்த்துப் பேசக் கைத்தொலைபேசியை இயக்கிக் கொடுக்கலாம். பழைய கதை கேட்டு எழுதலாம். இல்லங்களில் வாழ்வோருள் இளைப்பாறிய ஆசிரியரும் உளர். கணக்கில் இடர்ப்படும் ஒன்பதாம் வகுப்பு மாணவனை அவரிடம் அனுப்பினால், அதனால் பெரிதும் பயன் பெறுபவர் யார் என்று முன்கூட்டியே கூற இயலாது.

பழைய மாணவர் சங்கத்துக்கும் என்னிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மூவர் கொண்ட குழு ஒன்றை அமைத்தல் வேண்டும்: ஒருவர் எழுபது கடந்தவர், ஒருவர் மருத்துவத் துறையினர், ஒருவர் உயர்தர வகுப்பு மாணவர். நிருவாகத்தாரின் பொதுவான இசைவை முன்கூட்டியே பெற்று, ஆனால் நாளும் நேரமும் அறிவியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் பகுதி இல்லங்களுக்குச் சென்று, இரவில் நிற்போர் தொகை, உணவு நேரம், விழுந்தோர் தொகை, படுக்கைப் புண் உள்ளோர் தொகை, மாதந்தோறும் நிறை பார்க்கப்படுகின்றதா என்பது, ஆக நீண்ட காலம் நிற்கும் பராமரிப்பாளரின் சேவைக்காலம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்தல் வேண்டும். வெளிநாட்டில் உள்ள உறுப்பினர் படங்களுக்குப் பதிலாக அத்தாளைப் பார்ப்பர். சங்கத்தின் நன்கொடைகளும் கல்வெட்டுக்குச் செல்வதை நிறுத்தி, இரவுப் பராமரிப்பாளரின் சம்பளத்துக்குச் செல்லட்டும்.

நானும் இக்கல்லூரியின் பழைய மாணவன் ஆதலின், அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக முன்மொழிய எண்ணியுள்ளேன். வழிமொழிவார் ஒருவர் வேண்டும்.